ஞாயிற்றுக்கிழமைக் குப்பைக்காரர்கள்

சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களிடம்தான் ஊர் அதிகமாக வேலை வாங்கும். அதுவும் குப்பை சம்பந்தப்பட்ட வேலையென்றால் கேட்கவே வேண்டாம்.

மாத்தளை டவுனில் நான் ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். திங்கள் முதல் சனி வரைக்கும் கடை. ஞாயிறு காலையில் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஏதாவதொரு ஓடைக் கரையில் நிற்பேன். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்வது, ஓடையைச் சுத்தம் செய்வது, பொலித்தீனைக் குறைக்கச் சொல்வது, இதுதான் எங்கள் வேலை. ஆரம்பித்த அன்று இருபது பேர் வந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் மூன்று பேர் மிஞ்சினோம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற சுமனா மிஸ்ஸி ஒருவர். தாதிமாரை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர், ஆனால் வார்டில் பழகிய தமிழில் எங்களையே அதட்டுவார். இன்னொருவர் தையல்கடை நசீர் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். மூன்றாவது ஆள் நான், கலா. நீங்களும் ஏதாவது ஒரு பொதுக்காரியத்துக்குப் பேர் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்றால் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் வாசியுங்கள், துணைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் ஆறும்.

மீன் நாள்

முதல் ஞாயிறு வீடு வீடாகப் போனோம். அழுகும் குப்பையை ஒரு வாளியிலும், பிளாஸ்டிக்கையும் கடதாசியையும் வேறு வேறு பையிலும் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். மிஸ்ஸி எழுதிக் கொடுத்ததை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். என் கையுறையைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போனவர், குசினியிலிருந்து இரண்டு பைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நாங்கள் குப்பை எடுக்க வரவில்லை, குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இடையில் இரண்டு தரம் தலையை ஆட்டினார். பைகளைத் திரும்ப வாங்குவதற்கு மட்டும் கை நீளவில்லை. ஒரு பையின் அடியிலிருந்து என் செருப்பில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "நல்ல வேலை செய்யிறீங்க தங்கச்சி, ஆனா புதன்கிழமையில வந்தா இன்னும் புண்ணியமாப் போகும், செவ்வாய்தான் எங்க வீட்ல மீன் கழுவுறது."

பீப்பாய்

சமையல் குப்பையை உரமாக்க ஓட்டை போட்ட பீப்பாய் கொடுத்தால் எல்லாரும் செய்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மிளகாய்த்தூள் மில்லில் பழைய பீப்பாய்கள் கிடைத்தன. நானா உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் துளை போட்டார். தும்மித் தும்மியே ஒரு ஞாயிறு போனது. மூன்று மாதம் கழித்து உரம் எப்படி வருகிறது என்று பார்க்கக் கிளம்பினோம். ஒரு வீட்டில் பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் பீப்பாயே இல்லை, நாவுலையில் இருக்கிற மச்சானுக்குப் போய்விட்டதாம்.

ஓய்வு பெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் வீட்டில் மட்டும் பீப்பாய் முற்றத்தில் கண்ணியமாக நின்றது. மூடி இருந்தது, அடியில் செங்கல் வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே வைக்கோல், அதன்மேல் ஒரு கோழி. அது என்னைப் பார்த்து முறைத்தது. மாஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை: "நீங்க போட்ட ஓட்டையில காத்து நல்லா வருதுங்க, உரம் வராட்டிப் பரவாயில்ல, முட்டை வருது."

கடை முத்திரை

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் டவுனுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் இறங்கியிருந்தோம். மெத்தை, உடைந்த டீவியின் கூடு, யோகட் கப்புகள் எல்லாம் எடுத்துக் கரையில் போட்டாயிற்று. மிஸ்ஸி ஒரு கறுப்புப் பையைக் கிழித்தார். யார் போட்டது என்று பார்ப்பதற்காக அவர் எப்போதும் அப்படிக் கிழிப்பார். உள்ளே ஈரக் கடதாசிகள். ஒன்றைப் பிரித்தார், என்னிடம் நீட்டினார். யாருடையதோ பிறப்புச் சான்றிதழின் கொப்பி. கீழே தேசிய அடையாள அட்டைக் கொப்பிகள், பாதி கறுத்து, பாதி வெளுத்து. உறை ஒன்றில் என் கடை முத்திரை தெளிவாக இருந்தது.

கெட்டுப்போன கொப்பிகளை நான் அட்டைப்பெட்டி சேர்க்கிற வண்டிக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையை வைத்துக்கொண்டு மீதியை இங்கே கொட்டியிருக்கிறார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. என்னை நம்பி அடையாள அட்டையைக் கொடுத்தவர்களின் முகம் தண்ணீரில் மிதக்கிறது, நான் கையுறையோடு நின்று ஊருக்குப் புத்தி சொல்கிறேன். அழுகை வந்துவிட்டது. இனி வரமாட்டேன் என்று கையுறையைக் கழற்றினேன். மிஸ்ஸி கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நானும் வேறு வழியில்லாமல் குனிந்தேன். அன்றிலிருந்து கெட்ட கொப்பியை நானே துண்டுதுண்டாகக் கிழித்துத்தான் வெளியே விடுகிறேன். மேலே ஏறி வரும்போது நசீர் நானா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "வெக்கப்படாதீங்க தங்கச்சி, அந்தா ரெண்டாவது பையில என்ட கடை வெட்டுத்துணி கிடந்திச்சு, மிஸ்ஸி காணுறதுக்கு முந்தி நான் கட்டிட்டேன்."

டம்ளர்

கோயில் தேர் நாளில் வீதி நெடுக தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். தேர் போன பிறகு பார்த்தால் தார் ரோடு தெரியாது, பிளாஸ்டிக் கப்தான் தெரியும். ஒரு பந்தல்காரரிடம் போய் சில்வர் டம்ளர் வைக்கலாமே என்று கேட்டோம். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "தாராளமா வைக்கலாம். கழுவுறது யாரு?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தேரன்று காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் சுடுதண்ணீரும் மூன்று அண்டாக்களும். மிஸ்ஸி ஆஸ்பத்திரி முறைப்படி மூன்று தரம் அலசவேண்டும் என்று நின்றார். சர்பத் குடித்தவர்கள் டம்ளரைப் போட்டுவிட்டுப் போக, நாங்கள் கழுவிக் கழுவி அடுக்கினோம். பின்னேரம் மூன்று மணிக்கு என் விரலெல்லாம் சுருங்கி வெளுத்துப் போயிருந்தது. ஆனால் எங்கள் பந்தலுக்கு முன்னால் மட்டும் ரோடு தெரிந்தது. பால்குடம் எடுத்து முடித்து வந்த ஒரு பெண் டம்ளரைக் கொடுத்துவிட்டு எங்களை உற்றுப் பார்த்தாள். கும்பிட்டாள். பிறகு இரக்கத்தோடு கேட்டாள்: "நேர்த்திக்கடனாக்கா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு?"

மேலே ஒரு லயம்

எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனது நாங்களாக எடுத்த முடிவு. ஓடைகள் மேலேயிருந்துதான் வருகின்றன, அங்கே வீசுவதுதான் கீழே வருகிறது என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறிப் போனோம். ஞாயிறு என்பதால் ஆட்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார்கள். செல்வராணி என்று ஒரு பெண், கொழுந்து பறிக்கிறவர், எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானில் சவர்க்கார உறை, ஷாம்பு பைக்கட், பிள்ளைகளின் பெம்பர்ஸ் எல்லாம் கிடந்தன. நான் என் பேச்சை ஆரம்பித்தேன்.

 நான் முடித்ததும் செல்வராணி எழுந்து, எங்கள் கையைப் பிடிக்காத குறையாகக் கானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இது டவுன்ல வாங்கினது. இது டவுன். இந்த பேக்கும் டவுன்தான். இந்தப் பக்கம் குப்பை லொறி எதுவும் ஏறாது. பத்தவச்சா புள்ளைங்களுக்கு மூச்சு இழுக்குது. புதைச்சா மழையில மேல வருது."  மிஸ்ஸி குச்சியை வாங்கித் தானும் இரண்டைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் நாங்கள்தான் வழிக்கு வந்தோம். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை உரப்பையில் கட்டி அவர்கள் ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள், பஸ் கண்டக்டர் பின்னால் ஏற்றிக்கொள்வார், நான் டவுனில் இறக்கி எடுத்துப் பிளாஸ்டிக் சேர்க்கிற இடத்தில் கொடுப்பேன். பெம்பர்ஸுக்கு மட்டும் இன்றுவரை யாரும் வழி சொல்லவில்லை. அன்றைக்கு வாசல்வரை வந்து வழியனுப்பும்போது செல்வராணி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "கீழ போறது பத்திச் சொல்ல இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்களே, மேல வாறது பத்தி டவுன்ல யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களாக்கா?"

மதகு

ஓடை ரோட்டுக்கடியில் நுழைகிற மதகுக்குப் பக்கத்தில் செல்வம் என்பவரின் கோழிக்கடை. இறகையும் குடலையும் சாக்கில் கட்டி ஓடையில் தள்ளிவிடுவார். மூன்று தடவை போய்ப் பேசினோம். முதல் தடவை தலையாட்டினார். இரண்டாம் தடவை கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்றார். மூன்றாம் தடவை, "எல்லாரும்தான் போடுறாங்க, என்னைய மட்டும் ஏன் புடிக்கிறீங்க?" என்று கத்தினார். நானாவும் பதிலுக்குக் கத்தினார். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது.

போன மாரியில் ஒருநாள் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு மதகுக்கு ஓடினேன், மிஸ்ஸியும் நானாவும் முன்னமே வந்துவிட்டிருந்தார்கள். மதகின் வாயில் சாக்குகளும் மூங்கிலும் சிக்கி அடைத்துப்போயிருந்தன. தண்ணீர் போக இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஜெயந்தி என்ற பெண்ணும், பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அவருடைய அப்பாவும். கட்டிலின் காலில் தண்ணீர் பாதிக்கு வந்துவிட்டது. ஜெயந்தி அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். மிஸ்ஸி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கிழவரை உட்காரவைத்து, நானும் நானாவும் ஜெயந்தியும் பக்கத்துக்கொருவராகத் தூக்க, மிஸ்ஸி தலையைப் பிடித்துக்கொள்ள, வெளியே இடுப்பளவு தண்ணீரில் ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். கிழவர் என் கழுத்தை ஒற்றைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடி மூன்று நாள் வலித்தது.

அப்போதுதான் செல்வத்தைப் பார்த்தேன். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை லைட் போஸ்டில் சுற்றி இரண்டு பேர் பிடித்திருக்க, அலவாங்கு என்கிற கடப்பாரையோடு மதகின் வாயில் இறங்கியிருந்தார். ஒரு தடவை தலை மறைந்தது. கயிறு இழுபட்டது.  அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, "அம்மா தாயே, அவர ஏத்திவிடு" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். மேலே வந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி குத்தினார். ஒரு சாக்கு பிடுங்கிக்கொண்டு வந்தது. அடுத்தது வந்தது. பிறகு பெரிய சத்தத்தோடு தண்ணீர் மதகுக்குள் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் ஜெயந்தி வீட்டு வாசற்படி தெரிந்தது.

இப்போது செல்வத்தின் கடைக் கழிவு நாவுலைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டக்காரரிடம் போகிறது. அவர் குழிவெட்டிப் புதைத்து உரமாக்குகிறார். அந்த ஏற்பாட்டைச் செய்தது நாங்கள் இல்லை, செல்வமே தேடிப் பிடித்தது. அந்த மழை நாளில் செல்வம் மதகுச் சுவரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மிஸ்ஸி கைப்பையிலிருந்து மருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செல்வம் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த சாக்கு முடிச்சைக் கையால அவுக்க முடியல மிஸ்ஸி, நான் கட்டினது இவ்வளவு இறுக்கமா இருக்கும்னு உள்ள இறங்கினப்புறம்தான் தெரிஞ்சிச்சு."

மொத்தத்தில் எங்கள் பேச்சைக் கேட்டுத் திருந்தியவர் என்று ஒருவரையும் கைகாட்டிச் சொல்ல முடியாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று பேரும் கையுறையைத் தேடுகிறோம்.