அவர் போட வேண்டிய கையெழுத்து

"ஊசிய எடுத்துக் குடு, போதும். நீயெல்லாம் மயக்க மருந்து படிச்சு என்ன பண்ணப்போற?" டெல்லி ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் எல்லோர் முன்னாலும் மயக்க மருந்து டாக்டர், நர்ஸான என்னைக் கேட்டார்.

அந்த ஆத்திரத்தில், மயக்க மருந்து மேற்படிப்புக்குச் சென்னையில் நல்ல கல்லூரியில் கிடைத்த இடத்தை உதறிவிட்டு, அவர் பாடம் எடுக்கும் டெல்லிக் கல்லூரியில் சேர்ந்தேன். நான் மயக்கம் கொடுக்க உதவும் ஒவ்வொரு நோயாளிக்கும் என் நோட்டில் அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும்! போடட்டும்! ஜனக்புரி வீட்டிலிருந்து இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு மெட்ரோவில் போய்வந்தேன்.

கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அச்சா, நல்லா பண்றீங்க சிஸ்டர். முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்றார்.

"உங்ககூடத்தான், டாக்டர்."

"அப்படியா? ஞாபகமே இல்லையே."

உதறிய சென்னை இடம் அப்போதுதான் உறைத்தது. அவர் பேசியதையாவது மன்னித்திருப்பேன். மறந்துபோனதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.