பேச்சியின் இருமல்

செம்பூர் ஆபீஸில் பிரியா தன் புது நெட்வொர்க் டிசைனை எனக்கு ஓட்டிக் காட்டினாள். உடம்பு கிருமியை ஒதுக்குவதுபோல, வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களே விலக்கிவிடும். உத்தரவு போட தலைமை என்று ஒன்று கிடையாது. திரையில் ஒரு புள்ளி சிவந்தது. சுற்றியிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

தாராவியில் எதிர்வீட்டுத் தோழி பேச்சிக்கு டிபி வந்தபோது எனக்குப் பத்து வயது. ஒதுங்கு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தோல் பதனிடும் வாடை அடிக்கும் அந்தச் சந்தில், அவள் இருமினாலே கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும். ஆறு மாத மருந்து முடிந்து, குணமாகி வந்து எங்கள் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி செல்வி, எனக்குச் சரியாயிட்டுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வெளாட வாறியா?"

வீட்டில் நான் மட்டுந்தான். திறக்காதே என்று சொல்ல ஆளில்லை. தாழ்ப்பாளைப் பிடித்தபடி, அவள் போகும்வரை மூச்சடக்கி நின்றேன்.

"குணமானா அந்தக் கம்ப்யூட்டரை எப்படித் திரும்பச் சேர்த்துக்கும்?" என்றேன் பிரியாவிடம்.

"அதை யோசிக்கலை மேடம்."

நான் அன்று யோசித்திருந்தேன். யோசித்துத்தான் திறக்கவில்லை.