பதினோரு ஆமென்

உங்களை நீங்களே சபித்துக்கொண்டு, முடிவில் சத்தமாக 'ஆமென்' சொன்னதுண்டா? நான் சொல்லியிருக்கிறேன். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஓடு சரிந்த ஒரு கோயிலில், அறுபது பேருக்கு முன்னால்.

எங்கள் காலனியில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகள் இருபது தேறும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலண்டர் தொங்கும். கடவுள் உன்னை வாலாக வைக்கமாட்டார், தலையாக வைப்பார் என்கிற ஆசீர்வாதம் அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். மோசே எழுதிய ஐந்தாம் ஆகமத்தில் இருபத்தெட்டாம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் பதினாலு வசனம். மிச்சம் ஐம்பத்து நாலும் சாபம். வானம் வெண்கலமாகும், பூமி இரும்பாகும், ஒரு வழியில் போய் ஏழு வழியில் சிதறி ஓடுவீர்கள், விடிந்தால் எப்போது பொழுது சாயும் என்பீர்கள். அதை எவனும் காலண்டரில் அடிப்பதில்லை. நான் அப்போது விழுப்புரத்தில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். இதையெல்லாம் சொல்லிக் காலனியில் கிண்டல் அடித்துக்கொண்டு திரிந்தவன்.

அந்த வருஷம்தான் ஊர்த்தெருக்காரர்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு சாலையில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஹாஸ்டலில் நான் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். அவர்களிலும் பாதிப் பேர் எங்களைப் போலவே அடுத்தவன் நிலத்தில் குனிந்து நிமிர்கிறவர்கள்தான். ஆனால் சாலையோரப் புளியமரங்களை ரம்பம் போட்டுச் சாய்த்த பிறகு, நியாயத்தைப் பேச ஆள் இல்லை. பஸ் நின்றது. ஹாஸ்டலைப் பூட்டினார்கள். சைக்கிளைப் பாதித் தூரம் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

என் அண்ணன் அப்போது வெள்ளிமலையில் மரவள்ளி லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். லாரி அடிவாரத்தில் மாட்டிக்கொள்ள, நடந்தே வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். சங்கராபுரத்துக்கு இந்தப் பக்கம், வெட்டிப்போட்ட மரத்துக்குப் பின்னால், முகத்தில் துண்டு கட்டிய ஐந்து பேர். எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னான். பொய் சொல்லத் தெரியாத பயல். சவுக்குக் கட்டையால் முதல் அடி முட்டியில். கரும்பை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம்தான் தன் காலிலிருந்து வந்தது என்றான். விழுந்தவனை முதுகிலும் விலாவிலும் அடித்து, காலால் உருட்டி வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

கயிற்றுக் கட்டிலில் வைத்து, கரும்புத் தோட்டங்களுக்குள் புகுந்து, நாலு பேர் அவனைச் சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் வரவில்லை, அவருக்கும் வழி இல்லை. கம்பவுண்டர் மூங்கில் பட்டையை வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். முட்டி பலாப்பழம் போல வீங்கியிருந்தது. திரும்பும் வழியில் அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"மொத அடி உன் பெஞ்சுக்காரன்து, தம்பி. சுண்டு வெரலு இல்லாத கையி. நம்ம பக்கத்துல வேற யாருக்குடா அது?"

பெஞ்சுக்காரன் என்றால் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஊர்த்தெருப் பையன். கரும்பு ஆலையில் அவன் விரல் போனபோது ஒரு மாசம் அவனுக்கு நோட்டு எழுதிக் கொடுத்தது நான்.

அம்மா அழவில்லை. எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் சாமிக்குப் பிராது கட்டுவார்கள். போலீஸ் புகார் மாதிரியே காகிதத்தில் எழுதி, யார், என்ன செய்தான் என்று போட்டு, கோயிலில் கட்டிவிட்டு வருவது. மூன்று மாதத்துக்குள் சாமி பார்த்துக்கொள்ளும். வேதத்துக்கு வந்த வீட்டில் அது கூடாது.

"அவங்க சாமி பிராது வாங்குது. நம்ம சாமி கையில ஒண்ணுமே இல்லயா?" என்றாள்.

"ஏன் இல்ல? வண்டி வண்டியா கீது" என்றேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பிராது மாதிரியே மேலே 'கர்த்தர் சமூகம்' போட்டு, கீழே பெஞ்சுக்காரன் பேர், அவன் அப்பா பேர், தெரு எல்லாம் எழுதி, இருபத்தேழாம் அதிகாரத்தில் வரும் பன்னிரண்டு சாபத்தையும் வரிசையாக இறக்கினேன். பத்தாவது சாபம் எங்களுக்கென்றே வைத்தது போல இருந்தது: மறைந்திருந்து அயலானை அடிக்கிறவனுக்கு. முகத்தில் துண்டு கட்டியவனுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்த வரியை மூன்று தரம் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் இதை வாசிக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் ஞாயிறுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயில். சைக்கிள் செயினைக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவன் மோட்டார் கொட்டாய் பக்கத்துக் கரும்புக்குள் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் துண்டு. கரும்புத் தோகை கையை அறுத்தது. அவன் மண்வெட்டியோடு வந்து மடை திருப்பக் குனிந்தான். முதல் வீச்சு முதுகில். திரும்பினான். இரண்டாவது முகத்தில். செயின் அவன் தலையைச் சுற்றிக்கொண்டது, நான் இழுத்தேன். அவன் மண்டி போட்டு முகத்தைப் பொத்தினான். நாலு விரல் கை. விரல் இல்லாத இடைவெளியில் ரத்தம் வழிந்தது.

"யாருன்னு சொல்லிட்டு அடிடா" என்றான். கத்தவில்லை. கேட்டான்.

நான் சொல்லவில்லை. இன்னொரு தரம் அடித்துவிட்டு ஓடிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் சேதி வந்தது, இடது கண் போய்விட்டது என்று. பொழுது சாய்வதற்குள் ஊர்த்தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யார் அடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எந்தத் தெரு என்று மட்டும் தெரியும். மூன்று கூரை வீடுகள் எரிந்தன. ஒரு ஆட்டுக் கொட்டகையைத் திறந்துவிட நேரமில்லை. ஆடுகள் கத்தியது கொஞ்ச நேரம்தான். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகக் கரும்புக்குள் ஓடினார்கள். அண்ணனை நான் முதுகில் சுமந்து ஓடினேன். ஏழு வழி என்று எழுதியிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கிண்டல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வரவில்லை. மலைக்கிராமத்தில் ஜெபத்துக்குப் போனவர் இறங்க வழியில்லாமல் மேலேயே இருந்தார். படித்தவன் நீதானே, நீயே நடத்து என்றார்கள். அண்ணனைக் கட்டிலோடு கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார்கள். எல்லோர் மேலும் கரி வாசனை.

பிராதைக் கையில் எடுக்குமுன் அதிகாரத்தை முதலிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன் என்றே சொல்லலாம். இரண்டு மலை. ஜனங்களில் பாதிப் பேர் ஒரு மலையில், பாதிப் பேர் எதிர் மலையில். ஆசாரியர்கள் சாபத்தைச் சத்தமாகச் சொல்ல, ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்லவேண்டும். இதில் எதிரியே கிடையாது. எவன் பேரும் போட இடமில்லை. நான் இப்படிச் செய்தால் எனக்கு இப்படி ஆகட்டும் என்று கேட்கிறவன் தானே ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை அது. பிராது அடுத்தவன் மேல் போடுவது. இது தன் தலையில் தானே வைத்துக்கொள்வது. ஆசீர்வாதத்தையும் அதே வாயால்தான் வாங்கவேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் காகிதம் எழுதிவைத்திருக்கிறேன்.

பிராதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புத்தகத்திலிருந்தே வாசிக்க ஆரம்பித்தேன். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், எப்போதும் போல.

எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்கு வந்த ஆமென் ஓட்டைத் தூக்கியது. எங்கள் சுடுகாட்டு வரப்பு வருஷத்துக்கு ஒரு முழம் குறைகிற கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்தது குருடனை வழி தப்பவிடுகிறவன். புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் வாசித்தேன். ஆமென் என்றார்கள். விதவைக்கும் அநாதைக்கும் நியாயத்தைப் புரட்டுகிறவனுக்குப் பெண்கள் பக்கம்தான் சத்தம். படுக்கை விஷயமான நாலு சாபத்தை வேகமாக ஓட்டினேன். ஒன்பது முடிந்தது. பத்தாவதில் விரல் நின்றது. தாண்டினேன். பதினொன்று. பன்னிரண்டு. புத்தகத்தை மூடினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். விரல்களை மடக்கி வைத்திருந்தாள்.

"பதினொண்ணுதான் வந்துச்சு. நம்மளுது வர்லயே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடு எரிந்த கிழவர் ஒருவர், படிடாப்பா, அதத்தான கேக்க வந்தோம் என்றார். திறந்தேன். வாசித்தேன். மறைந்திருந்து அயலானை அடிக்கிறவன் சபிக்கப்படட்டும்.

அம்மாவின் ஆமென்தான் முதலில் வந்தது. பிறகு எல்லோருடையதும். பிறகு, எல்லோரும் முடித்த பின், தனியாக, என்னுடையது.

வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பண்டை கிடந்த விறகுக் கட்டையை எடுத்தாள். தோளில், முதுகில், தடுத்த கையில். நான் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. தோள்பட்டை இறங்கியது எனக்கே கேட்டது.

"வுடும்மா, செத்துடப்போறான்" என்றான் அண்ணன் கட்டிலிலிருந்து. பிறகு என்னிடம்: "என் காலுக்கு அவன் கண்ணு, சரியாப் போச்சுன்னு நெனச்சியா? மூணு வூடு எரிஞ்சிகினு இருக்கசொல்ல நீ இன்னாடா பண்ணிகினு இருந்த? என்ன தூக்கிகினு ஓடுன. பெரிய வீரன்."

அம்மா கட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"புள்ளையவே சபிச்சிட்டேன். சொன்ன ஆமென திரும்ப வாங்கலாமா? அதுல இன்னா போட்டுகீது, பாரு."

வலது கையால் பக்கத்தைப் புரட்டினேன். ஆசீர்வாதமும் சாபமும் எல்லாம் வந்து தீர்ந்த பிறகு, நீ திரும்பினால் அவரும் திரும்புவார் என்று மூன்று அதிகாரம் தள்ளி இருந்தது. படித்துக் காட்டினேன்.

"திரும்புறதுன்னா?"

"அவன்கிட்ட போயி நான்தான்னு சொல்றது."

"போ அப்ப."

சொன்னால் மறுபடி வீடுகள் எரியும் என்றேன். அது அப்போது உண்மை. அடுத்த மாதம் மரங்களை அறுத்து எடுத்துப் போனார்கள், பஸ் ஓடியது. அப்போதும் அதையே சொன்னேன். அம்மா வாதாடவில்லை. கோயிலுக்கு வருகிறாள், பாட்டுப் பாடுகிறாள். ஆமென் வரும்போது உதட்டை மடித்துக்கொள்கிறாள். நாலு வருஷமாக. அண்ணன் கால் மடங்கவில்லை. பெஞ்சுக்காரன் ஒரு நாள் சாலையில் அவனை நிறுத்தி, அந்த அடி என்னுதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொல்லிவிட்டான்.

சங்கராபுரத்தில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. இப்போது மணி பத்தரை. பெஞ்சுக்காரன் அங்கே உட்கார்ந்திருக்கிறான், தனியாக.