குழாயில் தேங்கிய தண்ணீர்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'சோப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கருவிப் பிரிவில் பதினாறு வருட சர்வீஸ். வாயு போகும் குழாய் என்றால், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். "குளிக்க வாங்குற சோப்பெல்லாம் சிலிண்டருக்கே போயிடுது" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஜன்னலில்லாத ஒரு அறையில் அவளுடைய கூட்டாளி மயங்கிக் கிடந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். வாயுக் கசிவு. வாசனையே இல்லை. கூட்டாளி பிழைத்துக்கொண்டாள், ஆனால் மறுபடி வேலைக்கு வரவேயில்லை.

இந்த வருடம் பாய்லர் புகையில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் புதுக் கருவி வந்தது. கருவியின் அளவைச் சரிபார்க்கும் வாயு சிலிண்டர்களை வெளிச்சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை மாட்டி, அங்கிருந்து எஃகுக் குழாயை அறைக்குள் கொண்டுவந்தாள். கருவி அளந்து முடித்த வாயு வெளியேறும் குழாயை மட்டும், கருவியைப் பொருத்த வந்த கான்ட்ராக்டர் மேஜைக்குப் பின்னாலேயே விட்டிருந்தார்.

"அண்ணே, இது எங்க போகுது?"

"இத்தனூண்டு வாயுதாம்மா. ரூம்லயே கரைஞ்சிடும்."

"கரையாது. கூரைக்கு மேல கொண்டு போங்க."

மறுநாள் கருவியை ஓட்டிக் காட்ட வேண்டும். மேனேஜர் கெஞ்சினார், பிறகு கத்தினார். அவள் பேனாவைத் திறக்கவில்லை. கடைசியில் அவளே ஆள் வைத்து, சுவர் வழியே கூரைக்கு மேல் குழாயை ஏற்றினாள். ஒரு நாள் தாமதம். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரம் கருவி ஏறுக்குமாறாகக் காட்டத் தொடங்கியது. புகையை நிறுத்திவிட்டு வெறும் காற்றை விட்டுப் பார்த்தாள். ஆக்ஸிஜன் இருபத்தொரு சதவீதத்தை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எண் ஏறி இறங்கியது.

"உள்ளேயே விட்டிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார் கான்ட்ராக்டர், மேனேஜர் காதில் விழும்படி.

வெறும் காற்றுதான் ஓடுகிறது என்பதால், அவள் தைரியமாக வெளியேற்றும் குழாயைக் கருவியிலிருந்து கழற்றினாள். எண் ஆடாமல் நின்றது. மாட்டினாள், மறுபடி ஆட்டம். கருவியில் கோளாறில்லை. கோளாறு, அடம்பிடித்து அவள் போட்ட குழாயில்தான்.

ஏணி போட்டு ஏறி, குழாயில் காதை வைத்துக் கேட்டாள். குளுக், குளுக். இரண்டு பிடிமானங்களுக்கு நடுவே குழாய் தொய்ந்திருந்தது. புகையின் ஈரம் அங்கே தண்ணீராகத் தேங்கி, வாயு அதைத் தள்ளிக்கொண்டு திக்கித் திக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இறங்கி நேரே மேனேஜரிடம் போனாள். "சார், தப்பு என்னோடதுதான். தண்ணி வடியற வாட்டம் பார்க்காம குழாயைப் போட்டுட்டேன்."

திட்டுக்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ரூமுக்குள்ளயே விட்டுடலாமா?"

"வேண்டாம் சார். வாட்டம் குடுத்தா போதும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

தண்ணீரை வடித்து, நடுவில் ஒரு பிடிமானம் கூட்டி, குழாயைச் சரிவாக நிறுத்தி, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய ஒரு சின்ன வால்வு வைத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கான்ட்ராக்டர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு எண் நிலைத்தது.

அடுத்த மாதம் வேறொரு தொழிற்சாலையிலிருந்து கான்ட்ராக்டர் போன் செய்தார். "தங்கச்சி, ஒரு மீட்டர் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் குடுக்கட்டும்?"

"ரெண்டு விரக்கடை குடுங்க. குழாய் எங்க போகுதுண்ணே?"

"கூரைக்குத்தாம்மா" என்றார் அவர், கொஞ்சம் கோபமாக.