அடுப்பில் உறங்கிய தாசில்தார்

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைத்து நாளாயிற்று என்றுதான் ஊர் பொருள் கொள்ளும். அம்சவல்லி வீட்டு அடுப்பில் அந்த மார்கழியில் பூனை தூங்கியது. சாமைக்கும் புளிக்கும் குறைவில்லாத வீடு அது. கேஸ் அடுப்பில் வேளை தவறாமல் சமையல் நடந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் பின்பக்கக் கொட்டகையில் சும்மா கிடந்த பழைய மண் அடுப்பை மெழுகி, விறகு வைத்துப் பற்றவைத்தாள். யாருக்கு என்றால், ஒரு கிழட்டுப் பூனைக்கு.

"வெளியாளு யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றார் அவள் கணவர் தனசேகரன். "தனசேகரன் வூட்ல சோத்துக்கே வழியில்லன்னு மல பூரா பேசுவாங்க."

"பேசட்டுங்க. பேச வர்றவங்களுக்கும் சேத்து ஒரு படி போட்டு ஆக்கிடறேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அம்சவல்லியிடம் வாய் கொடுத்து மீண்டவர் ஜவ்வாது மலையில் இன்னும் பிறக்கவில்லை.

பூனையின் பெயர் தாசில்தார். பெண் பூனைதான். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மூலை முடுக்கெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு சோதனை போடும். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரியில்லை என்ற முகத்தோடு நகரும். தனசேகரன் வேடிக்கையாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது வந்த கதை அம்சவல்லிக்கு நேற்று போல நினைவிருக்கிறது. ஒரு வருடம் விதைக்கு வைத்திருந்த சாமையை எலி தின்று தீர்த்துவிட்டது. போளூரில் கருவாடு விற்கிற அம்மாள் ஒருத்தி, "இத்த எட்த்துனு போ, எலி உன் வூட்டுப் பக்கம் தல வச்சிப் படுக்காது" என்று உள்ளங்கை அகலக் குட்டி ஒன்றைக் கொடுத்தாள். மலைக்குப் போகிற பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற ஜன்னல் வழியாகக் குளிர் வெட்டியது. அம்சவல்லி குட்டியை முந்தானைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அது நடுங்கியபடியே அவளுடைய இடது மணிக்கட்டைக் கண்டுபிடித்து, ஊர் வந்து சேரும்வரை நக்கிக்கொண்டே வந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி அந்த இடம் சிவந்துபோயிற்று.

எலி ஒழிந்தது. அடுப்புக்கு மேலே இருந்த பரணில், புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளக் கதிர்களுக்கு நடுவே, கதகதப்பாக ஓர் இடத்தைத் தாசில்தார் தனக்கென்று பிடித்துக்கொண்டது. பிறகு புது வீடு வந்தது, சிமெண்டுத் தரை வந்தது, கேஸ் வந்தது. முன்பு சமையல் நடந்த கொட்டகையிலேயே பரணும் மண் அடுப்பும் நின்றுவிட்டன. பூனைக்கும் வயதானது.

இந்த வருடக் குளிர் பொல்லாதது. விடிந்தும் வெகுநேரம் பனி பிரியாமல் எதிர்வீடே தெரியவில்லை. கொட்டகையில் தாசில்தார் பரணுக்குத் தாவப் பார்த்துப் பாதியில் விழுந்ததை அம்சவல்லி பார்த்தாள். அது அவமானப்பட்டதைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் பிறகு தாவவில்லை. வீட்டுக்குள் வந்து ஜில்லென்ற சிமெண்டுத் தரையில் படுத்துக்கிடந்தது. முதுகு மயிர் திரிதிரியாக ஒட்டிக்கொண்டது, வால் பக்கம் நாறியது. அவளைப் பயமுறுத்தியது அதுதான். சாப்பிட்ட வாயைத் துடைக்காமல் ஒரு நாளும் நகராத பூனை, தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது. தை பிறப்பதைப் பார்க்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்த அன்றுதான் மண் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தணல் அடங்கி, சாம்பல் இளஞ்சூட்டுக்கு வந்ததும் தாசில்தார் தானே நடந்து போய் அடுப்புக்குள் சுருண்டுகொண்டது. கண்ணை மூடிய அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கோயிலில் நிற்பதுபோல அம்சவல்லி பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவறு செய்தது அவள் கை. அந்த மலையில் யாரும் நெருப்பை அணைப்பதில்லை. எரிந்த கட்டையைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டால் மறுநாள் ஊதினாலே போதும், பற்றிக்கொள்ளும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பழகிய கை, யோசிக்காமல் ஒருநாள் கட்டையைப் புதைத்தது. காலையில் மயிர் கருகிய வாடை வந்தது. ஓடிப்போய்த் தூக்கினால், வயிற்றோரம் ஒரு பக்கம் கருகி, தோல் சிவந்திருந்தது. பூனை அசையக்கூட இல்லை. நீறு பூத்த நெருப்பு என்று எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறாள். இப்போது தன் கையாலேயே அதைப் படுக்கையாக விரித்துவிட்டாள்.

புளிக்கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த டாக்டர் பிரியதர்ஷினி புண்ணைப் பார்த்துக் களிம்பு தடவினாள்.

"தோல் மட்டுந்தான், ஆறிடும். வயசான பூனைக்கு சூடு சட்டுனு ஒறைக்காதுங்க. நெருப்பாண்ட வுடாதீங்க. வெதுவெதுப்பு போதும். குளிப்பாட்டவும் வேணாம். வெந்நீர்ல துணிய நனச்சிப் புழிஞ்சி, புண்ணுல படாம தொடச்சி, ஈரம் தங்காம காய வச்சிடுங்க."

"தை வரைக்கும் தாங்குங்களா?"

டாக்டர் பூனையின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள். "வயசு ஆயிடுச்சிம்மா. சாப்ட்ணும், அதுவா தன்ன நக்கிக்க ஆரம்பிக்கணும். அது ரெண்டும் நடந்தா பயப்பட வேணாம்."

சாப்பாட்டுக்கு வழி கிடைத்தது. கருவாட்டை வேகவைத்து உப்பு போக அலசி, முள் எடுத்து, சூடான சோற்றில் மசித்து வைத்தால் மெதுவாகத் தின்றது. மற்றது வாய்க்கவில்லை. அதனால் தாசில்தாரின் நாக்கு செய்ய வேண்டிய வேலையை அம்சவல்லியின் கை செய்தது.

கொட்டகையில் தரைக் குளிர் ஏறாமல் பலகை போட்டு, அதன்மேல் கூடை வைத்து, சாமை வைக்கோலைப் பரப்பி, கணவரின் பழைய ஸ்வெட்டரை விரித்தாள். அவரைக் கேட்கவில்லை. ஓடையிலிருந்து எடுத்துவந்த வழவழப்பான கல்லை வெந்நீரில் போட்டெடுத்து, துடைத்து, பழம்புடவையில் நாலு சுற்றுச் சுற்றி, தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்த பிறகே கூடைக்குள் செருகினாள். வெளியே போக முடியாத பூனைக்குப் பக்கத்திலேயே பழைய பேசினில் மணல். வெயில் வந்ததும் கூடை வாசலுக்கு வரும். ரவிக்கை தைக்கிற சின்னக் கத்தரிக்கோலால் சிக்குகளை நறுக்குவாள், பேன் சீப்பால் வாருவாள், ஈரத்துணியால் துடைப்பாள்.

அந்தத் துடைப்பில்தான் அவள் பூனையை முதன்முதலாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கூடவே இருந்தது, பார்த்ததில்லை. வெயிலில் காது மடல் விளக்கு மாதிரி சிவந்து, உள்ளே நூல் நூலாக நரம்பு ஓடியது. விரலுக்கடியில் எலும்பு எண்ணக் கிடைத்தது. அந்த எலும்புக்கூட்டுக்குள் இதயம் அவளுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. காது மந்தமாகிவிட்ட பூனை, அவள் நடை பலகையில் அதிர்ந்ததுமே முகத்தைத் தூக்கியது. இழுத்துத் துடைத்தால் முறைத்தது. மயிர் போகிற போக்கில் சின்னச் சின்னதாகத் துடைத்தால் உள்ளுக்குள் குறுகுறுவென்று ஓட ஆரம்பித்தது. இவ்வளவையும் ஒரு முழம் உடம்புக்குள் யார் வைத்தது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"பெத்த பொண்ணுக்குக்கூட இப்டி செய்யல நீ" என்றார் தனசேகரன்.

"அது அழுது கேட்டுச்சி, செஞ்சேன். இது கேக்கவே மாட்டேங்குதே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஆனால் ஒரு காலை அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, மனிதர் கொட்டகையில் குந்தியிருந்தார். பாறை இடுக்கில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுத்த கை அது. அந்தக் கையில் புடவை சுற்றிய கல்லை வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவல்லி பார்க்காததுபோல வந்த வழியே போய்விட்டாள்.

புண் ஆறியது. கருகிய இடத்தில் புதுமயிர் மெல்லியதாக எட்டிப் பார்த்தது. ஆனாலும் தாசில்தார் தன்னை நக்கிக்கொள்ளவில்லை. போகி போயிற்று. தை பிறந்தது.

பொங்கலன்று மண் அடுப்புக்கு வேலை வந்தது. வாசலில் மூன்று கல் கூட்டலாம் என்ற தனசேகரன், பனி பொழிவதைப் பார்த்துக் கொட்டகையிலேயே பானையை ஏற்றிவிட்டார். அம்சவல்லி இடைப்பட்ட நேரத்தில் துணியும் வெந்நீருமாகக் கூடையருகே உட்கார்ந்தாள். பண்டிகை நாளில் அழுக்காக இருக்கக் கூடாது அல்லவா. முகத்தைத் துடைத்தாள், காதைத் துடைத்தாள். துணியைப் பிழியத் திரும்பியபோது பூனை ஒரு முன்னங்காலைத் தூக்கியது. அந்தக் கால் கொஞ்சம் ஆடியது. அதை நக்கி, அந்த ஈரத்தால் தன் மூக்கை ஒருமுறை துடைத்தது. பிறகு இன்னொரு முறை.

அம்சவல்லி பிழியாத துணியை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று பயந்தாள். தாசில்தார் முகத்தை முடித்தது, குனிந்து வயிற்றோரத்துப் புது மயிரை மெதுவாகச் சீர்படுத்தியது. அதையும் முடித்துவிட்டு, கூடை விளிம்பில் அசையாமல் கிடந்த அவளுடைய இடது கையைச் சோதனை போட்டது. சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். மணிக்கட்டை நக்க ஆரம்பித்தது.

"அம்சா, பொங்கப் போவுது, வா" என்று கூப்பிட்டார் தனசேகரன். "இன்னா பண்ற அங்க?"

அவளுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"பொங்கலோ பொங்கல்னு நீங்களே கூவிடுங்க. தாசில்தார் என் கையத் தொடைக்கிறாங்க. பாதியில எழுந்துக்கக் கூடாது."