பெயர் சொல்ல ஓர் அக்கா

போன வாரம் ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... என் மேல் கேஸ் ஏதுமில்லை! ராயபுரத்து நண்பர் அந்தோணி போட்ட எலெக்‌ஷன் வழக்கைப் பார்க்கப் போனேன்.

அந்தோணி சட்டசபைத் தேர்தலில் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவர். ஜெயித்தவர் வீடு வீடாகப் பித்தளைக் குடம் கொடுத்தது கொருக்குப்பேட்டை வரைக்கும் தெரிந்த சங்கதி. அப்புறமென்ன, வழக்குப் போட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனு எழுத வக்கீல் வீட்டுக்குப் போனோம். கூடவே பாதித் தெரு. "ஊருக்கே தெரியும் சார்!" என்று ஒரே கூச்சல். வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

"ஊரையெல்லாம் மனுவில் எழுத முடியாது. யார் கொடுத்தது, யார் வாங்கியது, என்றைக்கு, எந்த இடத்தில்? இது இல்லாவிட்டால் விசாரணையே கிடையாது. இன்னொன்று — ஓட்டுக்காக வாங்கியதும் குற்றம்தான்."

கூச்சல் நின்றது. ஒருவருக்குத் திடீரென்று பேசின் பிரிட்ஜில் ஷிப்ட் இருப்பது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு வயிற்று வலி. கூட்டம் நைசாகக் கரைந்தது.

நகராமல் நின்றவர் அந்தோணியின் அக்கா பிலோமினா. மீன் விற்றுத் தம்பியை ஆளாக்கியவர்.

"என் பேர எய்து சார். ஓட்டுக்கு மொத நாளு, சாயங்காலம், எங்க தெரு தண்ணிக் கொயாயாண்ட. ஜெயிச்ச அந்த ஆளே கொடத்த கையில குட்த்தான். 'ஓட்டு நமக்குத்தான்'னான். வாங்கிகினேன்."

அந்தோணி அக்கா பக்கம் திரும்பினார். "இன்னாக்கா சொல்ற? நீயா வாங்கின?"

"தண்ணிக்கு அல்லாடிகினு கீறவ கொடத்த வேணாம்பாளா? கொடத்த வாங்கினேன். ஓட்ட உனுக்குத்தான் குத்தினேன்!"

நான் சிரித்துவிட்டேன். அந்தோணி சிரிக்கவில்லை. பெற்ற தாய் மாதிரி வளர்த்தவரை, லஞ்சம் வாங்கியவர் என்று தானே சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமே!

"வேணாங்க்கா. கேசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளைக்கு சர்ச்சுல எவனாவது உன்ன ஒரு வார்த்த சொன்னா..."

"சொல்லிட்டுப் போறான். வாங்கினது நெசந்தானே? போடு நைனா."

போட்டார். கண் கலங்கியிருந்தது.

போன வாரம், மனுவையே தள்ள வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். நீதிபதி பாரா பாராவாகப் படித்தார். வேட்டி கொடுத்தார்கள் — யாருக்கு? மனுவில் பெயர் இல்லை, நீக்கு. மிரட்டினார்கள் — யாரை? நீக்கு. அந்தோணியின் ஆட்கள் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்க்கவைத்த பாராக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

குடத்துப் பாராவை மட்டும் இரண்டு தடவை படித்தார். "இதில் எல்லாம் இருக்கிறது. விசாரிக்கலாம்."

இனி பிலோமினா சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். வழக்கு ஜெயித்தால் தம்பிக்கு இன்னொரு வாய்ப்பு. ஜெயித்தாலும் தோற்றாலும் கெட்ட பெயர் அக்காவுக்கு. அது தெரிந்தேதான் வாய் திறந்திருக்கிறார். என்ன நெஞ்சு ஐயா அது!

அந்தோணிக்கு ஆயிரமாயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள்... பெயரைக் கொடுத்தது அக்கா ஒருத்திதான்.