புத்தூர்க் கிணற்றடியில் ஒரு நன்றியுரை

அன்று புத்தூர்ப் பொதுக்கிணற்றடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஐவர்: பவித்ரா, றிஸ்லா, கீர்த்திகா, தனுஷன், டிலினி. அவர்களின் மாணவர் நலப் பிரிவிலிருந்து வந்த குகன் சேர். ஊர்ச் சனசமூக நிலையத் தலைவர் சிவபாலன். சமைத்த இராசமணி, தெய்வானை. கிணற்றுக்குள் இறங்கிய புவனேந்திரன். உரும்பிராயிலிருந்து போன நான், கோப்பாயிலிருந்து வந்த என் மச்சாள் மனோன்மணி. ஊர்ச்சனம் ஒரு நாற்பது. எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை இழுபடும். அதனால்தான் இந்தக் கவனம்.

பவித்ரா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. என் வீட்டில் அறை எடுத்து இரண்டு வருடமாகப் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரோடு சேர்ந்து ஒரு பொதுவேலை செய்யவேண்டும். காலை முதல் நன்றியுரை வரை பிள்ளைகளே நடத்தவேண்டும். சேர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்த விதி பிடித்திருந்தது. இந்தமுறை பொறுப்பு பவித்ராவுக்கு. இது சரிவராவிட்டால் பெயரை வெட்டச் சொல்லிவிடுவேன், இனி மைக் பிடிக்கவே மாட்டேன் என்று முதல்நாள் சோறு தின்னாமல் இருந்தாள். அதற்காகவே ஆவணி மாதத்துச் சனிக்கிழமை துணைக்குப் புறப்பட்டேன்.

காலை 6.10க்கு உரும்பிராய்ச் சந்தியில் ஓட்டோ. கோப்பாய்ச் சந்திவரை மூன்று கிலோமீற்றர் மட்டில். நானூறு கேட்டான்.

"தம்பி, போன மாசம் உன்ரை கொப்பர் முந்நூறுக்கு ஏத்தினவர்."

"அப்பாவுக்கு இளகின மனசு, ஆச்சி."

"உனக்கேன் அது வரேல்லை?"

முந்நூறுக்கு இறக்கினான். கோப்பாயில் மச்சாளும் ஏறிக்கொள்ள, 6.40க்குப் பருத்தித்துறை பஸ். ஆளுக்கு அறுபது ரூபா. நீர்வேலி வாழைத்தோட்டங்கள் காலை வெயிலில் நின்றன. யன்னலோரம் மச்சாள் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சி, நான் பேசினா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் பவித்ரா.

"சிரிக்கட்டும். களைச்சுப்போய் நிப்பாட்டுவினம்."

7.05க்குப் புத்தூர்ச் சந்தி. அங்கிருந்து பத்து நிமிட நடை. கிணற்றை இறைத்துத் தூர் வாருவதுதான் வேலை. தண்ணீர் இறைக்கும் பம்பி 7.30க்குத் தொடங்கியது. பிள்ளைகள் வரிசையில் நின்று சேற்று வாளியைக் கைமாற்றினார்கள். சிவபாலன் கதிரையில் இருந்தபடி கயிறு பிழை, வாளி பிழை, நிற்கிற இடம் பிழை என்று ஏசிக்கொண்டிருந்தார். பவித்ரா அவருக்குப் பதில் சொல்லாமல் வேலையைப் பகிர்ந்து கொடுத்தபடி இருந்தாள். ஒரு மணிக்கு அடிக்கல்லில் ஊற்றுக்கண் தெரிந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியோடு சோறு. இரண்டாம் தரமும் வாங்கினேன்.

2.15க்குக் கூட்டம். பவித்ரா மைக்கைப் பிடித்தாள்.

"தலைவர் ஐயாவுக்கு நன்றி. காலையில இருந்து ஐயா எங்களோட நல்லா பேசினாரு."

வாசிப்பவர்களில் வெளியூர்க்காரர் இருந்தால் சொல்கிறேன். நாங்கள் உரையாடுவதைக் 'கதைப்பது' என்போம். 'பேசினார்' என்றால் ஏசினார். அன்று காலை நடந்ததும் அதுதானே! சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

சிவபாலனுக்கு முகம் கறுத்தது. மைக்கைப் பறித்தார். "உந்தப் பிள்ளை மலைநாடு. எங்கடை தமிழ் வராது. நன்றியை நான் சொல்லுறன்."

என் பக்கத்திலிருந்து ஒரு குரல், எல்லோருக்கும் கேட்கும்படி: "தேத்தண்ணித் தமிழ் உப்பிடித்தான் சாயம் விடும்!" என் மச்சாள்.

இரண்டு வாங்கில் இருந்த சனம் சிரித்தது. இது முதல் சிரிப்பு மாதிரி இல்லை. குகன் சேர் பாதி எழும்பி, விதி நினைவு வந்து இருந்துவிட்டார். சிவபாலன் பம்பி தந்தவரிலிருந்து பந்தல் போட்டவர்வரை வாசித்து முடித்தார். பவித்ரா இறங்கி ஓடவில்லை. கையை நீட்டினாள். 

"ஐயா, மைக்கை குடுங்க. நான் இன்னும் முடிக்கல."

அவர் பார்த்தார். கொடுத்தார்.

"எங்க ஊர்ல பேசினாருன்னா கதைச்சாருன்னு அர்த்தம். ஐயாவ குறை சொல்லல. இராசமணி அக்காவும் தெய்வானை அக்காவும் அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்டினாங்க. புவனேந்திரன் அண்ணன் ஆறு தடவ உள்ள இறங்கினாரு. இவங்க பேர ஐயா வாசிக்கல. இவங்களுக்கு நன்றி."

"என்ரை பேரை மைக்கிலை கேட்டது இண்டைக்குத்தான்!" என்று தெய்வானை கத்த, கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பிறகு சிவபாலன் தானே மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"பிள்ளை சொன்னதிலை பிழையில்லை. காலமை துவங்கி நான் பேசினதுதான். நான் இப்ப சொன்னதுதான் பிழை."

3.40 பஸ்ஸுக்கு நின்றபோது குகன் சேர் முதல்முறையாக வாய் திறந்தார்: "அடுத்த குழுவுக்கும் பவித்ராதான் பொறுப்பு." அவள் சந்தியில் வாங்கிய வடையை நாலு கடியில் முடித்தாள்.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்கு முன் பஸ் ஏறுங்கள், பிறகு நிற்கத்தான் இடம். தொப்பி கொண்டுபோங்கள். நேரமிருந்தால் நிலாவரைக் கிணற்றையும் பாருங்கள், அருகில்தான். ஊர்வேலைக்குப் போகிற பிள்ளைகள் சமைக்கிறவர்களின் பெயரைச் சாப்பிட முன்னரே கேட்டு வையுங்கள்.

சிவபாலன் மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்தினார். அவரோடு எனக்கு இனி ஒன்றுமில்லை. பஸ்ஸில் மச்சாள், "பகிடிக்குத்தானே சொன்னனான், ஏன் முகத்தை நீட்டுறாய்?" என்றாள். "விடுங்க ஆச்சி" என்று எனக்குச் சொல்லிவிட்டு, பவித்ரா அவளுக்குத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். மச்சாள் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டும் தான் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. கோப்பாயில் இறங்கினாள். பவித்ரா மன்னித்துவிட்டாளாம். அது அவளுடைய குணம். நான் மன்னிக்கமாட்டேன், கோப்பாய் மனோன்மணியை.